கணக்கில் வராத நிரல்கள்

பயன்பாட்டுக் கணிதத்தில் நிரல் எழுதுவது தனி வேலையாகத் தலையெடுத்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்தான். போர்க்காலத்தில் ஆயுதத் துறைக் கணக்குகளைப் போட்டுக்கொண்டிருந்த ஜேம்ஸ் வில்கின்சன், 1946-இல் லண்டனை ஒட்டிய டெடிங்டனில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கே ஆலன் டூரிங் வடிவமைத்த கணினி இன்னும் தாளில்தான் இருந்தது. அந்தச் சமயத்தில் 18 சமன்பாடுகள் கொண்ட கணக்கு ஒன்று வந்தது. டூரிங், வில்கின்சன் உட்பட நான்கு பேர் மேசைக் கணக்குப் பொறிகளோடு ஏறக்குறைய இரண்டு வாரம் உட்கார்ந்து அதைத் தீர்த்தார்கள். படிக்குப் படி கடைசி இலக்கங்களை வெட்டிவிடுவதால் பிழை பெருகி விடையே கெட்டுப்போகும் என்று அன்று பலரும் அஞ்சினார்கள். கிடைத்த விடையைச் சமன்பாடுகளில் போட்டுப் பார்த்தால் அது வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்தியது. இந்தப் பிழைகள் எப்படி வளர்கின்றன, எப்போது அடங்குகின்றன என்பதை ஆராய்வதே வில்கின்சனின் வாழ்நாள் வேலையானது. 1970-இல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது.

பாடநூலில் உள்ள சூத்திரத்தை அப்படியே நிரலாக்கினால் போதாதா? இருபடிச் சமன்பாட்டைப் பள்ளியில் கற்ற சூத்திரத்தால் தீர்ப்பதாகக் கொள்வோம். x-இன் குணகம் −100000, மற்ற இரண்டும் 1. சிறிய மூலம் ஏறக்குறைய 0.00001. எட்டு இலக்கம் மட்டும் வைத்துக்கொள்ளும் பொறியில் வர்க்கமூலம் சரியாக 100000 என்றே வரும். கழித்தால் விடை சுழியம். சூத்திரத்தில் குறையில்லை, ஆனாலும் மூலம் காணாமல் போகிறது. பெரிய மூலத்தை முதலில் கண்டு, அதைக் கொண்டு 1-ஐ வகுத்தால் சரியான சிறிய மூலம் வந்துவிடும். இப்படிப்பட்ட நுணுக்கங்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தால்தான் நம்பத்தக்க ஒரு நிரல் தொகுப்பு உருவாகும்.

வில்கின்சனும் கிறிஸ்டியன் ரைன்ஷும் அணிக் கணக்குகளுக்கான, அல்கால் மொழியில் எழுதிய நிரல்களைத் தொகுத்து 1971-இல் நூலாக்கினார்கள். அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் அவற்றை ஃபோர்ட்ரான் மொழிக்கு மாற்றிப் பல கணினிகளில் சோதித்து, ஐஸ்பேக் என்ற பெயரில் வெளியிட்டார்கள். அரசு ஆய்வகங்களில் இது சம்பளத்துக்கான வேலை. பல்கலைக்கழகங்களில் நிலைமை வேறு. அங்கே ஆய்வுக் கட்டுரைதான் பதவி உயர்வுக்கு உதவும். பத்தாண்டு பிழையின்றி ஓடும் நிரலால் அந்த வகையில் பெரிய பலன் இல்லை.

அப்படியிருந்தும் பல்கலைக்கழகத்தார் எழுதினார்கள் என்பதற்கு இங்கிலாந்தின் நாக் குழு நல்ல சான்று. 1970-இல் சில பல்கலைக்கழகங்களுக்கு ஐசிஎல் 1906ஏ என்ற ஒரே வகைக் கணினி வந்தது. ஆளுக்கொரு நிரல் தொகுப்பை எழுதுவானேன் என்று பிரையன் ஃபோர்டு முதலானோர் நாட்டிங்காமில் கூடி, வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஓரிடத்தில் எழுதிய நிரலை இன்னோரிடத்தில் உள்ளவர் சரிபார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. பங்களித்தவர்கள் பாடம் நடத்துவதற்கும் ஆய்வுக்கும் இடையே கூலியின்றி எழுதினார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் 98 நிரல்களுடன் முதல் பதிப்பு வந்தது. சகாக்கள் ஒருவர் நிரலை மற்றவர் சோதிக்கும் இந்த வழக்கம், கட்டுரைகளைச் சரிபார்க்கும் வழக்கத்தைவிடக் கறாரானது என்றே சொல்ல வேண்டும்: நிரலை ஓட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

1973-இல் நாக் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பெயர்ந்து, பின்னர் லாப நோக்கற்ற நிறுவனமாகித் தொகுப்பை உரிமக் கட்டணத்துக்கு வழங்கியது. அமெரிக்காவில் கிளீவ் மோலர், மாணவர்கள் ஃபோர்ட்ரான் எழுதித் தவிக்காமல் ஐஸ்பேக்கையும் சமன்பாடுகளைத் தீர்க்கும் லின்பேக் தொகுப்பையும் பயன்படுத்தட்டும் என்று மேட்லேப் மென்பொருளை எழுதி இலவசமாகக் கொடுத்துவந்தார். 1984-இல் அது வணிகப் பொருளானது. மறுபுறம், 1985-இல் ஜாக் டொங்காராவும் எரிக் கிராசும் தொடங்கிய நெட்லிப், மின்னஞ்சலில் கேட்டவருக்கெல்லாம் நிரல்களை இலவசமாக அனுப்பியது.

அடுத்த தலைமுறையின் மேடை பைத்தான் மொழி. 1995-இல் எம்ஐடி மாணவர் ஜிம் ஹியூகுனின் அதற்காக எழுதிய நியூமெரிக் தொகுப்பு, பின்னர் வானியலாளர்களுக்காக எழுந்த நியூம்அரே என்று பயனர்கள் இரு முகாம்களாகப் பிரிந்திருந்தார்கள். பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராக இருந்த டிராவிஸ் ஆலிஃபன்ட் 2005-இல் இரண்டையும் இணைக்க முனைந்தார். உழைப்புக்கு ஈடாக ஏதேனும் வரட்டும் என்று அதற்கான கையேட்டை எழுதி விற்றார். இணைத்த தொகுப்பான நம்பையின் முதல் பதிப்பு 2006-இல் வெளிவந்தது. அதன் பிறகும் பெரும்பாலும் மாணவர்களும் ஆய்வாளர்களும் ஓய்வு நேரத்தில்தான் அதைப் பராமரித்தார்கள். இத்தகைய திட்டங்களுக்கு நன்கொடை திரட்ட 2012-இல் நம்ஃபோகஸ் அமைப்பு தோன்றியது. 2017-இல் மூர் அறக்கட்டளையின் நிதி பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகே, நம்பை வேலைக்கென்று சம்பளம் கொடுத்து ஆள் அமர்த்த முடிந்தது.