காற்று வரைந்த ஓடுபாதைகள்

ரத்மலானை, கட்டுநாயக்கா, பலாலி, சீனன்குடா, மட்டக்களப்பு, மத்தளை. இலங்கை வரைபடத்தில் இந்த விமானத்தளங்களைப் பாருங்கள். எல்லா ஓடுபாதைகளும் தென்மேற்கிலிருந்து வடகிழக்காகவே நீண்டு கிடக்கும். தென்மேற்குப் பருவக்காற்றும் மார்கழி வாடையும் இந்தத் தீவின் மேல் போய்வரும் வழி அது. கண்டிப் பக்கத்து ஹேவாஹெட்டத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். காற்றுக் காலம் வந்தால் கூரைத் தகரத்தின் மேல் கல் ஏற்றுவது எங்கள் வீட்டு வேலை. பிறகு ரத்மலானையில் சிறிய விமானங்களைப் பழுதுபார்க்கப் போனேன். அங்கேயும் காற்று உடைத்த சாமான்கள்தான் என் கைக்கு வந்தன.

குற்றம் காற்றுடையது என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை; இறங்கும் திசையைக் கட்டிப்போட்டது நாங்கள்தான். 1912இல் மார்க் பூர்ப் என்ற பிரெஞ்சுக்காரர் கொழும்பு குதிரைப் பந்தயத் திடலிலிருந்து பறந்து காட்டினார். அந்தக் காலத்து விமானிகளுக்குத் தேவைப்பட்டது அகன்ற புல்தரைதான். எந்தப் பக்கம் காற்று வீசுகிறதோ அந்தப் பக்கம் முகம் வைத்து இறங்குவார்கள். விமானங்களின் பாரம் ஏறியதும் புல் தாங்கவில்லை. தாரும் கொங்கிரீட்டும் வந்தன. திசையும் ஒன்றாகிப் போனது. குறுக்குக் காற்று விமானிக்குப் பெரும் பாடானது அதற்குப் பிறகுதான். போர்க்காலத்து இங்கிலாந்தில் ஒரே தளத்தில் மூன்று ஓடுபாதைகளை முக்கோணமாகப் போட்டு இதைச் சமாளித்தார்கள். ரத்மலானைக்கு வாய்த்தது ஒன்றுதான்.

அந்தத் தளத்தில் 1935 நவம்பர் 27 அன்று முதலில் வந்திறங்கியது, சென்னைப் பறப்புக் கழகத்தின் டிண்டேல்-பிஸ்கோ ஓட்டிவந்த புஸ் மோத் விமானம். 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது ரத்மலானையிலிருந்தும் பந்தயத் திடலிலிருந்தும் ஹரிகேன் போர் விமானங்கள் எழும்பின. ஹரிகேனின் சக்கரங்கள் அகலமாக விரிந்து நிற்பவை. அதனால் இறங்கும்போது எளிதில் சாயாது. 1951இல் தொடங்கிய இலங்கை விமானப்படை தன் பிள்ளைகளைப் பழக்கியது சிப்மங்க் பயிற்சி விமானத்தில். இவை எல்லாமே வால் பக்கம் தாழ்ந்து நிற்கும் விமானங்கள்.

அவற்றின் பாரம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. பக்கக் காற்று நிமிர்ந்த வாலைத் தள்ள, மூக்கு காற்றின் பக்கம் திரும்பும். திரும்பத் தொடங்கியதும் பின்பாரம் வெளியே வீசப்பட்டு அந்தத் திருப்பத்தை இன்னும் இறுக்கும். காலால் சுக்கானை மிதிக்க ஒரு நொடி பிந்தினாலும் விமானம் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். அப்படி ஒன்று எங்கள் கொட்டகைக்கு வந்தது. வெளிப்பக்கச் சக்கரத்தின் கால் உள்ளே மடங்கியிருந்தது. அந்தப் பக்கத்து இறக்கையின் நுனி நசுங்கி, ஆணி வரிசைக்குள் மண்ணோடு புல் செருகியிருந்தது. ஓட்டிய பையனுக்குக் கீறல்கூட இல்லை. “இறங்கி முடிஞ்சுதுண்டு காலைத் தளர்த்திட்டன் அண்ணை” என்றான். தரை தொட்ட பிறகும் காற்றுப் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தியே பிடிக்க வேண்டும். நிறுத்துமிடம் வரும்வரை கையும் காலும் ஓயக் கூடாது. பயிற்சியில் வேறெதையும்விட இதற்கு அதிக மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

1956இல் வந்த செஸ்னா 172இல் மூன்றாவது சக்கரம் மூக்கின் கீழ் போனது. பாரம் பிரதான சக்கரங்களுக்கு முன்னால் வந்துவிட்டதால், கோணினாலும் தானே நேராகப் பார்க்கும். ஆனாலும் அதற்குச் சோதித்துக் காட்டிய குறுக்குக் காற்று 15 நொட், மணிக்குச் சுமார் 28 கிலோமீற்றர்தான். ரத்மலானை ஓடுபாதை 220 பாகையில் கிடக்கிறது. பருவக்காற்று ஓய்ந்த மாதங்களின் பிற்பகலில் கடற்காற்று நேர் மேற்கிலிருந்து, 270 பாகையிலிருந்து, 15 நொட்டில் அடித்தால் அதில் 11 நொட்டுக்கு மேல் விமானத்தின் விலாவில் விழும். புதிதாகப் பழகுபவனுக்கு அதுவே அதிகம்.

எங்கள் கண்டிப் பக்கம் இன்னும் பயணிகள் ஓடுபாதை இல்லை. செஸ்னா கரவன் மிதவை விமானங்கள் 1976இல் மகாவலி ஆற்றுக்கு அணைகட்டிய பொல்கொல்லை நீர்த்தேக்கத்தில் வந்திறங்கியிருக்கின்றன. தண்ணீரில் கோடு போட்டு வைக்கவில்லை. மகாவலி இடம்விடும் அளவுக்குக் காற்றுக்கு முகம் கொடுக்கலாம். ஆனால் மிதவைக்குத் தண்ணீரில் பிரேக் கிடையாது. வேகம் குறையக் குறைய மூக்கு காற்றுப் பக்கமே போகும். மிதவையின் பின்னாலுள்ள சின்ன நீர்ச்சுக்கான்களை இறக்கிவிட்டுத்தான் விமானி அதைத் துறைக்குக் கொண்டு சேர்க்கிறார்.