'கெலிங்' என்னும் சொல்லின் வரலாறு

'கெலிங்' என்ற சொல்லை ஏளனமாக எவரேனும் உரைக்கக் கேட்டால் நம் பிள்ளைகளின் மனம் புண்படுகிறது. அச்சொல் எப்படி வந்தது என்று அவர்கள் வினவும்போது, நம்மில் பலர் கூறும் விடை ஒன்றுதான். ஆங்கிலேயர் காலத்தில் விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகளின் சங்கிலி 'கிளிங், கிளிங்' என ஒலித்ததாம். அவ்வொலியே நமக்குப் பெயராயிற்றாம். கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றினும், இக்கதை வரலாற்றுக்கு ஒவ்வாதது. ஆங்கிலேயர் பினாங்கில் காலூன்றியதே 1786-ஆம் ஆண்டில்தான். இச்சொல்லோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது.

இதன் வேர் 'கலிங்கம்'. இன்றைய ஒடிசாவும் அதனை அடுத்த ஆந்திரக் கடற்கரையும் அடங்கிய தொன்மையான நாடு அது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் பேரரசர் அசோகர் போரிட்டு வென்று, பின் மனம் வருந்திய நாடும் அதுவே. சங்கத் தமிழில் 'கலிங்கம்' என்பதற்கு ஆடை என்ற பொருளும் உண்டு. முதற் குலோத்துங்க சோழனின் கலிங்க வெற்றியைச் செயங்கொண்டார் பரணியாகப் பாடினார்.

கலிங்க மக்களின் பெயர் கடல் கடந்து கிழக்கே வந்தது. 11-ஆம் நூற்றாண்டில் சாவகத்தை ஆண்ட அயர்லாங்கா மன்னனின் சாசனங்களில், அயல்நாட்டார் வரிசையில் 'கிளிங்' என்பாரும் 'திராவிட' என்பாரும் தனித்தனியே குறிக்கப்பெறுகின்றனர். அக்காலத்தில் அப்பெயர் தமிழரைச் சுட்டவில்லை என்பது இதனால் புலனாகும். காலப்போக்கில் தென்னிந்தியர் அனைவர்க்கும் அதுவே பொதுப்பெயராயிற்று. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்காவில் இருந்த போர்ச்சுகீசியர் தோமே பிரெஸ், அங்கிருந்த செல்வமிக்க தமிழ் வணிகர்களை இப்பெயராலேயே குறித்தார். அவர்களுள் ஒருவரான நைனா சாத்து, 1511-க்குப் பின் போர்ச்சுகீசியரால் பெண்டஹாராவாக நியமிக்கப்பட்டார்.

நாம் வாழும் ஜொகூருக்கும் இதில் தொடர்புண்டு. 'செஜாரா மெலாயு' என்னும் மலாய் வரலாற்று நூல், கெலிங் தேசத்து அரசனான ராஜா சூரன் ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் இருந்த கருங்கற் கோட்டையை வென்றதாகக் கதை கூறுகிறது. இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பின் எதிரொலியை இதில் காண்பாரும் உளர். அந்நூலில் 'கெலிங்' இழிசொல் அன்று. ஒரு பெரும் தேசத்தின் பெயர்.

மலாக்காவில் 1748-இல் எழுந்த கம்போங் கெலிங் பள்ளிவாசலும், பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் இப்பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றன. அம்மலாக்காப் பள்ளிவாசல் உள்ள தெருவிலேயே, மலாக்கா செட்டிகள் 1781-இல் எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயமும் அருள்பாலிக்கிறது.

பிற்காலத்தில் நம்மவர் தோட்டத் தொழிலாளராகவும் கூலிகளாகவும் பெருந்தொகையில் வந்தபோது, உழைப்பாளியைத் தாழ்வாகக் கருதிய மனப்போக்கு இச்சொல்லிலும் படிந்தது. 1920-களின் தொடக்கத்திலேயே சிங்கப்பூரில் 'கிளிங் தெரு' என்பது 'சூலியா தெரு' என மாற்றப்பட்டது.

பிறப்பால் இழிவற்ற ஒரு சொல்லும் வழக்கால் இழிவுறக்கூடும். ஆதலின், இச்சொல்லால் அழைக்கப்படுவதை நாம் விரும்பவில்லை எனப் பண்புடன் எடுத்துரைப்பது முறையே. ஆயினும், சங்கிலிக் கதையை நம் பிள்ளைகளுக்கு நாமே கற்பித்து, அவர்களைத் தலைகுனியச் செய்தல் தகாது. கடலோடிகளும் வணிகரும் சுமந்து வந்த பெயர் இது என்ற உண்மையை அவர்கள் அறியட்டும். அறிந்தவர் நெஞ்சில் தாழ்வு மனப்பான்மைக்கு இடமிராது. அந்தத் தெளிவை எல்லாம் வல்ல இறைவன் நம் இளந்தலைமுறைக்கு அருள்வானாக.