கடல் ராடார்

கடல் ராடார் என்பது வானொலி அலைகளை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு கடலிலுள்ள கப்பல், படகு முதலியவற்றைக் கண்டறியவும், கடலலை, நீரோட்டம், காற்று ஆகியவற்றை அளக்கவும் பயன்படும் முறை. கப்பலைத் தேடுபவருக்கு அலையின் எதிரொலி இடைஞ்சல். அலையை அளப்பவருக்கோ அதுவே தரவு. இலங்கைக் கரைக்கு இது 1942இல் போர்க் கருவியாக வந்தது. தமிழகக் கரையில் 2000களின் இறுதியில் கடலை அளக்கும் கருவியாக அமைந்தது.

தொடக்கம்

ஜெர்மானியப் பொறியாளர் கிறிஸ்டியான் ஹுல்ஸ்மேயர் 1904 மே மாதத்தில் கொலோன் நகரில், ரைன் ஆற்றில் சென்ற கப்பலை வானொலி எதிரொலியால் உணரும் கருவியை இயக்கிக் காட்டினார். மூடுபனியில் கப்பல்கள் மோதாமல் காப்பதே அவர் நோக்கம். கருவி கப்பல் இருப்பதைச் சொன்னது. தூரத்தை நேரடியாகச் சொல்லவில்லை. வாங்குவோர் இல்லாமல் அது மறக்கப்பட்டது. 1930களில் பல நாடுகள் தனித்தனியே ராடாரை உருவாக்கின. 1940 பிப்ரவரியில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ரேண்டலும் பூட்டும் இயக்கிய மேக்னட்ரான், சுமார் 10 சென்டிமீட்டர் நீள அலைகளை வலுவாக உண்டாக்கியது. கப்பலிலும் விமானத்திலும் பொருத்தத்தக்க சிறிய, கூர்மையான ராடார்கள் இதன் பிறகே சாத்தியமாயின.

கொழும்பும் திருகோணமலையும், 1942

பிரித்தானிய விமானப்படையின் 254ஆம் இலக்க நடமாடும் ராடார் நிலையம் 1942 மார்ச்சில் கொழும்பு வந்து, பொரளையிலுள்ள றோயல் கொழும்பு கோல்ஃப் கழகத்தின் ரிட்ஜ்வே திடலில் நிறுத்தப்பட்டது. 

ஏப்ரல் 4ஆம் திகதி கொக்கலையிலிருந்து பறந்த கட்டலினா விமானத்தில் கனடிய அதிகாரி லெனார்ட் பேர்ச்சல் ஜப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஆகவே தாக்குதல் வரும் என்பது கொழும்புக்குத் தெரியும். எந்த நேரம் என்பதே தெரியாது. மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு காலை ஏழரை மணியளவில், நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் எவ்வித ராடார் எச்சரிக்கையும் இன்றி நகருக்கு மேலே வந்துவிட்டன. இரத்மலானையில் போர் விமானங்கள் அப்போதும் தரையில் நின்றன. நிலையம் ஏன் எச்சரிக்கவில்லை என்பதில் ஆய்வாளர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை: பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது என்பர் சிலர், பணியாட்கள் முறை மாறிய வேளை என்பர் வேறு சிலர்.

ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலை தாக்கப்பட்டபோது அங்கிருந்த ராடார் முன்னதாகவே எச்சரித்தது. போர் விமானங்கள் எழும்பி எதிர்கொண்டன. அதே நாளில் கொழும்பு குதிரைப் பந்தயத் திடலிலிருந்து சென்ற ஒன்பது பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் ‘அக்காகி’ என்ற விமானந்தாங்கிக் கப்பலை நெருங்கிக் குண்டு வீசின. ஜப்பானியக் கப்பல்களில் ராடார் இல்லாததால், குண்டுகள் விழும்வரை அந்தக் கப்பல் எதையும் அறியவில்லை. குண்டுகள் இலக்கைத் தவறவிட்டன. தொடர்ந்து நிகழ்ந்த மோதல்களில் ஒன்பதில் ஐந்து விமானங்கள் இழக்கப்பட்டன.

இடைஞ்சல் அளவையானது

போர்க்காலத்தில் அலைகளின் எதிரொலி, திரையில் கப்பலை மறைக்கும் குப்பையாகவே கருதப்பட்டது. 1955இல் நியூசிலாந்தின் டக்ளஸ் குரோம்பி 13.56 மெகாஹேர்ட்ஸ் அதிர்வெண்ணில் அந்த எதிரொலியை ஆராய்ந்தார். அது தாறுமாறானதல்ல, வானொலி அலைநீளத்தில் சரிபாதி நீளமுள்ள கடலலைகளே வலுவாகத் திருப்பி அனுப்புகின்றன என்று கண்டார். அந்த நீளத்தில் அடுத்தடுத்த அலைகளிலிருந்து வரும் எதிரொலிகள் ஒன்றுசேர்ந்து வலுக்கின்றன.

இதிலிருந்து நீரோட்டத்தைக் கணிக்கலாம். வானொலி அலையின் நீளம் 60 மீட்டர் என்றால் எதிரொலி தருபவை 30 மீட்டர் நீள அலைகள். ஆழ்கடலில், நீரோட்டம் இல்லாதபோது, அந்த அலைகள் வினாடிக்குச் சுமார் 6.8 மீட்டர் வேகத்தில் ஓடும். இது இயற்பியல் விதி. கரையை நோக்கி வரும் அலையின் வேகம் 7.3 மீட்டர் என்று ராடார் காட்டினால், மிகுதி அரை மீட்டர் நீரோட்டத்தின் வேகம். ஒரு நிலையம் தன்னை நோக்கிய அல்லது விலகிய வேகத்தை மட்டுமே அறியும். திசையையும் பெற, கரையில் தள்ளி இன்னொரு நிலையம் வேண்டும்.

தமிழகக் கரை

சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் இந்த முறையில் இந்தியக் கரையோரம் ராடார்களை இணை இணையாக நிறுவியது. தமிழகத்தின் இணை கல்பாக்கமும் கடலூரும். குஜராத், ஆந்திரம், ஒடிசா, அந்தமான் ஆகிய இடங்களிலும் நிலையங்கள் உண்டு. உயர் அதிர்வெண் அலை உப்புநீரின் மேற்பரப்பை ஒட்டித் தொடுவானுக்கு அப்பாலும் செல்வதால், ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வரை நீரோட்டம் அளக்கப்படுகிறது. 2013 அக்டோபரில் ஃபைலின் புயல் கோபால்பூர் அருகே கரை கடந்தபோது ஒடிசா நிலையங்கள் நீரோட்டத்தையும் அலைகளையும் பதிவு செய்தன. மிதவைகள் அறுந்துபோகக்கூடிய புயல் வேளையில் கரையில் இருந்தபடியே அளக்க முடிவது இம்முறையின் பெரும்பயன்.

விண்ணிலிருந்து

1978இல் ஏவப்பட்ட அமெரிக்காவின் சீசாட், ராடார் முதலிய கருவிகளால் கடலை ஆராய்வதற்கென்றே வடிவமைக்கப்பட்ட முதல் செயற்கைக்கோள். மூன்றரை மாதத்தில் செயலிழந்தாலும் பின்வந்தவற்றுக்கு அதுவே முன்மாதிரி. 2004 டிசம்பர் 26 அன்று, சுமாத்திரா நிலநடுக்கத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் கழித்து ஜேசன்-1 செயற்கைக்கோள் தற்செயலாக இந்துமாக்கடலைக் கடந்தது. ஆழ்கடலில் சுனாமியின் உயரம் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் மட்டுமே என்று அதன் உயரமானி காட்டியது. ஆனால் தரவு பின்னரே பகுக்கப்பட்டதால் எச்சரிக்கைக்கு உதவவில்லை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2009 செப்டம்பர் 23இல் ஏவப்பட்ட ஓஷன்சாட்-2, சென்டிமீட்டர் அளவிலான சிற்றலைகளின் எதிரொலியிலிருந்து கடற்காற்றை அளந்தது. 2013இன் சரள், இந்திய-பிரெஞ்சுக் கூட்டு முயற்சி. கடல்மட்டத்தையும் அலை உயரத்தையும் அளந்தது.

காவலும் சிறு படகும்

2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் கைப்பற்றிய மீன்பிடிப் படகில் வந்ததை அடுத்து, இந்தியா கரையோரக் கண்காணிப்பு ராடார்ச் சங்கிலியை அமைத்தது. முதற்கட்டத்தில் 46 நிலையங்கள். பல, கலங்கரை விளக்கங்களிலேயே பொருத்தப்பட்டன.

சிறு படகு இன்றும் கடினமான இலக்குதான். கண்ணாடியிழைப் படகு வானொலி அலையைக் குறைவாகவே திருப்பும். அலைப் பள்ளத்தில் இறங்கும்போது அந்த எதிரொலியும் மறையும். கப்பல் ராடாரில் அலை இரைச்சலைக் குறைக்கும் திருகு உண்டு. அதை அளவுக்கு மீறித் திருப்பினால் திரை தெளிவாகும்; அருகிலுள்ள படகும் சேர்ந்து அழிந்துவிடும். 300 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்குப் பன்னாட்டு விதிப்படி ராடார் கட்டாயம் என்றாலும், அது படகைக் கண்டே தீரும் என்பதற்கு உறுதியில்லை. எனவே பாய்மரத் தடியில் மூலைகளாக மடித்த உலோகத் தகடு ஒன்றைக் கட்டுவது, இரவில் வலை விரித்துக் கிடக்கும் படகுக்குச் செலவு குறைந்த காப்பு. அத்தகடு, வந்த அலையை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும்.