மங்கும் மாத்திரையும்

சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, ஏறக்குறைய மூன்று நாள் கடல் கடந்து அந்தமானில் வந்து குடியேறிய தமிழர்கள், இத்தீவுக் காடுகளில் ஓங்கி நிற்கும் கர்ஜன் மரத்தை நன்கு அறிவார்கள். அம்மரத்தின் பலகையை அறிந்தவர்களிலும் பலர் அதன் எண்ணெய் ஒரு காலத்தில் மருந்தாக இருந்ததை அறியார். 1870களில் போர்ட் பிளேர் தண்டனைக் குடியிருப்பில் மருத்துவ அதிகாரியாக இருந்த டாக்டர் டூகால் என்பவர், தொழுநோய் கண்ட கைதிகளுக்கு அவ்வெண்ணெயைச் சுண்ணாம்பு நீரில் குழைத்து உள்ளுக்குக் கொடுத்தார்; உடலெங்கும் தேய்த்துக்கொள்ளவும் செய்தார். புண்கள் ஆறின, மரத்த தோலில் உணர்ச்சி திரும்பிற்று என்று அவர் எழுதிய செய்தி கடல் கடந்து பரவியது. சென்னை மாகாண மருத்துவமனைகளிலும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆண்டுகள் சென்ற பின்னரே, எண்ணெய் தோலை மென்மையாக்கியதே அன்றி நோயை வேரறுக்கவில்லை என்பது தெளிவாயிற்று. அந்நோய்க்கு உண்மையான மருந்து 1940களில் சல்போன் வகைகள் வந்தபோதுதான் கிடைத்தது.

கைதியின் சம்மதத்தை அன்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தீவு என்பது சோதனை செய்வோருக்கு வசதியான இடம். அங்குள்ளோர் எளிதில் வெளியேற முடியாது.

இந்தப் பழங்கதை என் நினைவுக்கு வரக் காரணமாயிருந்தவர் அபர்டீன் கடைவீதியில் காய்கறி விற்கும் ஒரு சகோதரி. காலை முதல் பிற்பகல் வரை வெயிலில் அமர்ந்திருப்பவர். அவருடைய இரு கன்னங்களிலும் மங்கு படர்ந்திருந்தது. கருத்தடை மாத்திரை உட்கொண்டு வருகிறார். "அந்த மாத்திரையால் தோலில் புற்று வரும் என்கிறார்களே, இது அதுதானா?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு விடை சொல்ல வேண்டுமானால் ஒரு நூற்றாண்டு வரலாற்றைச் சொல்லியாக வேண்டும்.

பெண்ணின் சூலகத்தில் ஊறும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனின் ஒரு வகை 1929ஆம் ஆண்டில் தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்டது. சினையுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் கலவை, மாதவிலக்கு நிற்கும் பருவத்துப் பெண்களுக்காக, பிரிமாரின் என்னும் பெயரில் 1942இல் விற்பனைக்கு வந்தது. மற்றொரு ஹார்மோனான புரொஜெஸ்டிரோன் அந்நாளில் பொன்னினும் விலை மிக்கதாயிருந்தது. ரசல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலார் மெக்சிகோ காட்டில் விளையும் ஒரு கிழங்கிலிருந்து அதை மலிவாகச் செய்யும் வழியைக் கண்டார். அக்கிழங்கு, நிக்கோபார் மக்கள் தோட்டத்தில் பயிரிட்டு உண்ணும் வள்ளிக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்தது. 1951இல் அதே மெக்சிகோவில் வாயால் உட்கொள்ளத்தக்க செயற்கை ஹார்மோன் ஒன்றும் உருவாயிற்று.

இனி நாம் மற்றொரு தீவுக்குச் செல்ல வேண்டும். கரீபியன் கடலிலுள்ள போர்ட்டோ ரிக்கோ என்னும் தீவு அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஆட்சிக்கு உட்பட்டது. அந்தமானைப் போலவே வெயில் மிகுந்தது. கிரிகரி பின்கஸ், ஜான் ராக் என்ற இருவர் 1956ஆம் ஆண்டில் அங்குள்ள ஏழைப் பெண்களிடம் எனோவிட் என்னும் மாத்திரையைச் சோதித்தனர். கருவுறாமலிருக்க உதவும் மருந்து என்பதை அப்பெண்கள் அறிவார்கள். தாங்கள் ஒரு சோதனைக்கு உட்பட்டிருப்பதை அறியார். இன்றைய மாத்திரைகளோடு ஒப்பிட்டால் அதிலிருந்த ஹார்மோனின் அளவு பன்மடங்கு. களப்பணியை நடத்திய டாக்டர் எட்ரிஸ் ரைஸ்ரே என்னும் பெண் மருத்துவர், மருந்து கருவைத் தடுப்பது உண்மையே, ஆயினும் நூற்றுக்குப் பதினேழு பேருக்குக் குமட்டலும் தலைச்சுற்றலும் பிறவும் உண்டாகின்றன, எல்லோரும் ஏற்கத்தக்க மருந்தன்று என்று எழுதினார். பின்கஸ் அதைப் பொருட்படுத்தவில்லை. 1960இல் அமெரிக்க அரசு அம்மாத்திரைக்கு அனுமதி அளித்தது.

அதன் பின்னரே தோல் பேசத் தொடங்கிற்று. மாத்திரை உண்ட பெண்களின் முகத்தில், கர்ப்பிணிகளுக்குத் தோன்றுவது போன்ற மங்கு தோன்றுவதை 1960களில் தோல் மருத்துவர்கள் எழுதலானார்கள். ஈஸ்ட்ரோஜன், தோலுக்குக் கருநிறம் தரும் உயிரணுக்களைத் தூண்டுகிறது. வெயில் அதை மிகுவிக்கிறது. மெலனோமா என்னும் கொடிய புற்றும் அதே உயிரணுக்களில்தான் பிறக்கிறது. ஆகவே, தூண்டப்பட்ட உயிரணு ஒரு நாள் தறிகெட்டுப் போகாதா என்று கேட்பது இயல்பே. 1977இல் வலேரி பெரல் என்ற நோய்ப்பரவல் அறிஞரும் உடன் பணியாற்றியோரும், கலிபோர்னியாவில் மாத்திரை உண்ட பெண்களிடையே மெலனோமா சற்று மிகுதியாகக் காணப்படுவதாக பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் கேன்சர் இதழில் வெளியிட்டனர். அச்சத்துக்கு அன்று ஓர் அச்சு வடிவம் கிடைத்துவிட்டது.

ஆனால், நேயர்களே, இங்கேதான் கணக்கு சிக்கலாகிறது. அந்நாளைய அமெரிக்காவில் மாத்திரை உண்ட இளம்பெண்கள் யார்? வசதி படைத்தவர்கள், விடுமுறையில் கடற்கரை மணலில் படுத்து வெயில் காய்ந்து தோலைப் பொன்னிறமாக்கிக் கொண்டவர்கள். குற்றம் செய்தது மாத்திரையா, மாத்திரைக்குப் பின்னால் மறைந்து நின்ற சூரியனா? இதைப் பிரித்தறியப் பல ஆண்டுகள் ஆயின. 1999இல் அமெரிக்கச் செவிலியர் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, அப்போது மாத்திரை உண்டு வருவோருக்கு மெலனோமா இரு மடங்காகத் தென்படுகிறது, நிறுத்தியவர்களிடம் அம்மிகுதி காணப்படவில்லை என்றது. இரு மடங்கு என்ற சொல் நம்மைத் திடுக்கிட வைக்கும். அந்தப் பெருங்கூட்டத்தில் நோயுற்றவர்கள் 146 பேரே என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 2002இல் பத்து ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தவர்களோ மிகுதி ஏதும் இல்லை என்றார்கள்.

மாதவிலக்கு நின்ற பெண்களுக்குத் தரும் ஹார்மோனைப் பற்றி இதைவிட உறுதியான சான்று உண்டு. அமெரிக்காவில் 27,347 பெண்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மருந்தும் மற்றவர்க்கு மருந்தற்ற வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். வெயில் காய்பவரும் காயாதவரும் இரு பிரிவிலும் சமமாகக் கலந்துவிடுவதால், சூரியன் அங்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. 2011இல் வெளிவந்த முடிவின்படி, தோல் புற்று இரு பிரிவிலும் ஒன்றுபோலவே இருந்தது. எனினும் ஹார்மோன் குற்றமற்றது என்று கொள்ளலாகாது. அதே சோதனையில் இரு ஹார்மோன்களையும் சேர்த்து உண்டவர்களிடம் மார்பகப் புற்றும் பக்கவாதமும் கூடியதால், அந்தப் பகுதியை 2002இலேயே இடையில் நிறுத்த நேர்ந்தது. கருத்தடைக் கலவை மாத்திரையையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் மார்பகம், கருப்பை வாய், கல்லீரல் ஆகியவற்றில் புற்றை உண்டாக்கவல்லது என்றே வகைப்படுத்தியுள்ளது. சூலகத்திலும் கருப்பையின் உட்சுவரிலும் அது புற்றைக் குறைக்கிறது என்றும் அதே நிறுவனம் சொல்லுகிறது. தோல் அப்பட்டியலில் இல்லை.

எனக்குள்ள ஒரு குறை வேறு. இவ்வளவு எண்ணிக்கையிலும் எண்ணப்பட்டவர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலினர். அபர்டீன் கடைவீதிச் சகோதரியின் தோல் அக்கணக்கில் இல்லை. நம்மவரின் கருநிறம் மெலனோமாவுக்கு எதிரான நல்ல கவசம்; நம்மிடம் அந்நோய் அரிது. வரும்போது அது வெயில் படும் கன்னத்தை விட்டு உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களையே பெரும்பாலும் நாடுகிறது.

இந்திய மருத்துவர்கள் எழுதி வைத்த தோல் புற்றுகள் நம் வாழ்க்கை முறையிலிருந்து பிறந்தவை. காஷ்மீரத்தார் குளிருக்காக வயிற்றோடு அணைத்துக்கொள்ளும் காங்கிரி என்னும் நெருப்புச் சட்டி உண்டாக்கும் புற்றை எல்ம்ஸ்லி என்ற மருத்துவர் 1866இலேயே விவரித்தார். பம்பாயின் டாக்டர் கானோல்கர், வேட்டியை இடுப்பில் இறுகக் கட்டும் இடத்தில் ஆண்டுக்கணக்கான உராய்வால் தோன்றும் புற்றை 1945இல் எடுத்துக் காட்டினார். பின்னாளில் உள்பாவாடை நாடா அழுந்தும் இடத்தில் பெண்களுக்கும் அதே புற்று காணப்பட்டது. மாத்திரையை அஞ்சும் பெண் தன் நாடாவை அஞ்சுவதில்லை! இடுப்பில் நிறம் மாறித் தடித்து ஆறாமலிருக்கும் தழும்பையும், பழைய தீப்புண்ணில் திரும்பத் தோன்றும் புண்ணையும், உள்ளங்காலில் வளரும் கரும்புள்ளியையும் மருத்துவரிடம் காட்டத் தயங்கலாகாது. கன்னத்து மங்கு இவற்றுள் ஒன்றன்று.

நம் நாடு இத்துறையில் தனி வழியும் கண்டது. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் ஈஸ்ட்ரோஜன் கலவாத கருத்தடை மாத்திரை ஒன்றை உருவாக்கி, 1991இல் சஹேலி என்ற பெயரில் வெளிவரச் செய்தது. அதையே அரசு இப்போது சாயா என்ற பெயரில் வழங்குகிறது.

இனி அமெரிக்காவுக்கு ஒருமுறை திரும்புவோம். 1970இல் செனட்டர் கேலார்ட் நெல்சன் மாத்திரையின் தீங்குகளைப் பற்றி விசாரணை நடத்தியபோது, மாத்திரை உண்ட பெண் ஒருவரைக்கூடச் சாட்சி சொல்ல அழைக்கவில்லை. பார்வையாளர் வரிசையிலிருந்த பெண்கள் எழுந்து, எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கூவினார்கள். அவ்வாண்டு முதல் மாத்திரையோடு, அதன் தீங்குகளைப் பெண்ணுக்கே எடுத்துரைக்கும் சீட்டு ஒன்றையும் வைக்க வேண்டும் என்ற விதி அங்கு உண்டாயிற்று.

அத்தகைய சீட்டு ஒன்று நம் சகோதரியின் மாத்திரைப் பெட்டியிலும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. பொடி எழுத்து, ஆங்கிலம். படித்துப் பார்த்தேன். மங்கு என்ற தமிழ்ச் சொல்லுக்கு அதில் ஏது இடம்? 'குளோயாஸ்மா' என்று இருந்தது. வெயிலைத் தவிர்க்க வேண்டும் என்ற குறிப்பும் அருகில் இருந்தது. பொருளைச் சொன்னேன். மாத்திரையை மாற்றிக்கொள்ளலாமா என்று மருத்துவமனையில் கேட்டு வரும்படியும் சொன்னேன். "வெயிலைத் தவிர்த்தால் கீரையை யார் விற்பது?" என்று சிரித்தார். அடுத்த வாரம் அவ்வழியே சென்றபோது, கீரைக்கட்டுகளுக்கு மேலே ஒரு பெரிய கறுப்புக் குடை விரிந்திருந்தது. கீரை வாடாமலிருக்க என்றார்.