விழுந்ததைச் சொல்லாத சைக்கிள்

2006 ஏப்ரல் 9. வட பிரான்ஸில பாரிஸ்-ரூபே சைக்கிளோட்டம் நடக்குது. கருங்கல் பதித்த பழைய வயல் வீதிகளுக்காகவே பேர்போன போட்டி இது. அமெரிக்க வீரர் யோர்ஜ் ஹின்காபி முன்னணிக் குழுவில போய்க்கொண்டிருக்கிறார். திடீரெண்டு ஹாண்டில் கையோட கழன்று வருது. சைக்கிள் ஓடுது, ஆனா திருப்ப ஒண்டுமில்லை. சில வினாடிகளில் விழுந்து தோளைக் காயப்படுத்திக்கொண்டார்.

முறிந்தது முன் போர்க்கை ஹாண்டிலோடு இணைக்கிற குழாய். "காபன் எண்டா இப்பிடித்தான்" எண்டு சொல்லத் தோன்றும். ஆனா அந்தக் குழாய் அலுமினியம்! அதே ஓட்டத்தில அவர் முதலே ஒருக்கா விழுந்திருந்தார். அப்பவே குழாய் பழுதாகியிருக்கு எண்டுதான் பிறகு விளக்கம் வந்தது. ஆக, பொருளைவிட அதுக்கு நடந்த கதைதான் முக்கியம்.

காபனில இந்தக் கதையை வாசிக்கிறது இன்னும் கஷ்டம். 1960களில் இங்கிலாந்தின் பார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில வலுவான காபன் நார் உருவாக்கப்பட்டது. றோல்ஸ் றொய்ஸ் அதை நம்பி ஆர்பி211 என்ஜினுக்கு விசிறி அலகுகள் செய்தது. பறவை மோதினால் தாங்குமா எண்டு சோதித்தபோது அவை நொறுங்கின. டைட்டேனியத்துக்கு மாறவேண்டி வந்தது. நார் இழுவைக்கு மகா பலம், பக்கவாட்டில விழுற அடிக்கு அப்படியில்லை. 1986இல் கிரெக் லெமொண்ட் காபன் குழாய்ச் சைக்கிளில் டூர் டி பிரான்ஸை வென்ற பிறகு, அதே பொருள் மெல்ல மெல்லச் சாதாரண ஓட்டக்காரரிடமும் வந்தது. இப்ப அவை இரண்டாம் கையாக விலைக்கு வருது.

இரும்பு அடிபட்டால் நெளியும். காபன் நெளியாது, பெயின்ற் மினுங்க மினுங்க, உள்ளே ஒட்டியிருந்த படைகள் பிரிந்து கிடக்கலாம்.

வரலாறு படிக்கிற எங்களுக்கு இது பழகின சிக்கல்தான். "ஒருநாளும் விழவில்லை" எண்டு விற்கிறவர் சொல்றது ஒரு வாய்மொழிச் சாட்சி மட்டும். அவர் பொய் சொல்லாமலும் இருக்கலாம். அவருக்கு முதல் வைத்திருந்தவரை ஆர் கேட்டது? அதனால பொருளையே விசாரிக்கவேணும். ஹாண்டில், சீற் குழாய், போர்க் மூன்றையும் கழற்றி, இறுக்கிப் பிடிக்கிற இடங்களைப் பாருங்கோ. அளவுக்கு மிஞ்சி இறுக்கின தழும்பு அங்கேதான் இருக்கும். ஹாண்டில் நுனி, பின் கியர் ஓரம் உரஞ்சியிருந்தா சைக்கிள் விழுந்திருக்கு. நாணயத்தால தட்டினா நல்ல இடம் கணீரெண்டும், பிரிந்த இடம் மந்தமாயும் கேட்கும். ஆனா சத்தம் நல்லாயிருக்கு எண்டதுக்காகப் பயமில்லை எண்டு முடிவெடுக்கேலாது. அல்ட்ராசவுண்ட் சோதனை இதைவிட நம்பகமானது.

அதுக்குப் பிறகும் சந்தேகம் தீராவிட்டால்? போர்க்கையும் ஹாண்டிலையும் புதுசாக மாற்றுற செலவையும் விலையோட சேர்த்துப் பாருங்கோ. கட்டுப்படியாகாட்டி அந்தச் சைக்கிளை விட்டிடுங்கோ. ஆதாரம் போதாத இடத்தில கட்டுரை பிழைச்சா புள்ளிதான் குறையும். இறக்கத்தில போர்க் முறிஞ்சா அப்பிடியில்லை.