கம்பம் வெயிலில் சிதையும் டி.என்.ஏ... ரிப்பேர் பார்ப்பது யார்?

கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டத்துக்குப் போயிருக்கீங்களா? பந்தலுக்குக் கீழே நிற்கும் நமக்கு நிழல். மேலே விரிந்திருக்கும் இலைக்குத்தான் நாள் முழுக்க வெயில். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சையின் இனிப்பு, அந்த இலைகளின் உழைப்பு. ஆனா, அதே வெயிலில் வரும் புற ஊதாக் கதிர் இலையின் டி.என்.ஏ-வைச் சிதைக்கும். பக்கத்து வயலில் நாற்று நடும் அக்காவின் தோலிலும் அதே சேதம்தான்.

டி.என்.ஏ இழையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு எழுத்துகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் இழை கோணலாகிவிடும். செல் அதைத் தப்பாக நகலெடுத்தால் மரபணுப் பிழை. அந்தப் பிழைகள் சேரச் சேரத்தான் தோல் புற்றுநோய் வருது.

இலைக்கு ரிப்பேர் சுலபம். ஃபோட்டோலையேஸ் என்ற ஒரே புரதம், வெயிலில் இருக்கும் நீல ஒளியையே பயன்படுத்தி ஒட்டைப் பிரித்துவிடும். நமக்கு அது கிடையாது. நம்ம செல்லில் ஒரு கூட்டமே வேலை பார்க்கணும், அதுவும் வரிசை மாறாமல். முதலில் எக்ஸ்.பி.சி என்ற புரதம் கோணலைக் கண்டுபிடித்து உட்காரும். லேசான கோணல் அதன் கண்ணில் படாது, டி.டி.பி-2 என்ற இன்னொரு புரதம் காட்டிக்கொடுக்கணும். அடுத்து வரும் குழு இரண்டு இழைகளையும் பிரிக்கும். சேதம் உண்மைதானா என்று சரிபார்த்த பிறகே கத்தரிப் புரதங்கள் இரண்டு பக்கமும் வெட்டும். சுமார் 30 எழுத்து நீளத் துண்டு வெளியே போகும். எதிர் இழையைப் பார்த்து அந்த இடம் நிரப்பப்படும். கத்தரி முதலிலேயே வந்திருந்தால் நல்ல டி.என்.ஏ-வும் துண்டாகியிருக்கும்! இந்த ஏற்பாட்டை விளக்கிய அஜீஸ் சன்ஜார், 2015-ல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர்.

கூட்டத்தில் ஒரு புரதம் பழுதானாலும் ‘ஜெரோடெர்மா பிக்மென்டோசம்’ என்ற அரிய நோய் வரலாம். சின்ன வயதிலேயே தோல் புற்றுநோய் வரும் அபாயம் பல மடங்கு. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் தாக்கும். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் சகஜமான நம்ம ஊரில் இதைத் தெரிஞ்சுக்கணும். ஒரே குடும்பத்தில் அந்தப் பழுது இருவரிடமும் இருக்க வாய்ப்பு அதிகம்.

கொஞ்ச நேர வெயிலுக்கே குழந்தையின் தோல் கொப்பளித்தாலோ, இரண்டு வயதுக்குள் முகமெல்லாம் கரும்புள்ளிகள் வந்தாலோ, ‘சூட்டுக்கு வந்தது’ என்று விட்டுடாதீங்க. தோல் மருத்துவரிடம் காட்டுங்க. நோயை முழுசாகக் குணமாக்க மருந்து இல்லை. வெயில் படாமல் காப்பதே வழி. சேலைக்கு மேலே முழுக்கைச் சட்டை மாட்டிக்கொண்டு நாற்று நடுறாங்களே, அது மற்றவர்களுக்கும் நல்ல பாதுகாப்பு. வெயிலே படாத குழந்தைக்கு வைட்டமின் டி குறையும் என்பதால், அதையும் டாக்டரிடம் கேட்டுக்கோங்க.