ஒத்து ஊதினவர்



போன வாரம் அமெரிக்காவிலிருந்து மகள் பேசினாள். பேரன் பள்ளிக்கூடத்து பேண்டில் சேர்ந்திருக்கிறான். டிரம்பெட் கேட்டிருக்கிறான், கிடைக்கவில்லை. டியூபாவைக் கொடுத்துவிட்டார்கள். "தாத்தா, அது சும்மா பூம் பூம்னு அடியில கெடக்கும். யாரும் கேக்கவே மாட்டாங்க" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். டியூபா நல்லபடியாகக் கேட்கிற இசைப்பதிவுகளைத் தேடி அனுப்புகிறேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்தேன். பட்டியல் போட உட்கார்ந்தவனை அது வேறு எங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாண ஊர்வலத்தில் பேண்டு செட்டுக்காரர்களின் பெரிய பித்தளைக் குழலைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் டியூபா. மற்ற வாத்தியங்களைப் பார்க்க வயதில் சின்னது. 1835இல் பெர்லினில் வீப்ரெக்ட் என்ற ராணுவ பேண்டு தலைவரும் மோரிட்ஸ் என்ற வாத்தியம் செய்கிறவரும் சேர்ந்து உரிமம் வாங்கினார்கள். அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களில் பின்வரிசைதான் அதற்கு இடம். 1954இல்தான் இங்கிலாந்தின் வான் வில்லியம்ஸ், தம் எண்பதுகளில், டியூபாவை முன்னால் நிறுத்தி ஒரு கான்செர்டோ எழுதினார். லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்காக எழுதியது. ஃபிலிப் கேடலினெட் வாசிக்க, பார்பிரோலி நடத்தினார். அந்த வருஷமே பதிவும் செய்தார்கள். பேரனுக்கு முதல் சிபாரிசு அதுதான். நடுப்பகுதியை மட்டுமாவது கேட்கச் சொன்னேன். அவ்வளவு பெரிய உடம்புக்குள்ளிருந்து தாலாட்டு மாதிரி ஒரு ராகம் வருகிறது.

இரண்டாவது, அதே கான்செர்டோவை சிகாகோவின் ஆர்னால்டு ஜேக்கப்ஸ் வாசித்தது, பேரன்பாயிம் நடத்தியது. ஜேக்கப்ஸ் 1944 முதல் 1988 வரை அந்த ஆர்க்கெஸ்ட்ராவில் டியூபா வாசித்தவர். ஆஸ்துமாக்காரர். மூச்சு கொள்ளளவு மற்றவர்களைவிடக் குறைவு. அவர்தான் கடைசியில் உலகத்துக்கே மூச்சுப் பாடம் நடத்தினார். மூன்றாவது, முசோர்க்ஸ்கி பியானோவுக்கு எழுதி, 1922இல் ராவேல் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றிய 'கண்காட்சிச் சித்திரங்கள்'. அதில் ஒரு மாட்டுவண்டி வருகிறது. தூரத்தில் கேட்டு, பக்கத்தில் வந்து, மறுபடி தேய்ந்து போகிறது. ராவேல் அந்த வண்டியை இழுக்கிற வேலையை டியூபாவிடம் கொடுத்தார். ஓடைப்பட்டியிலிருந்து சாத்தூர்ச் சந்தைக்குப் பருத்திப் பொதி ஏற்றிப் போன வண்டிகளுக்குப் பின்னால் நடந்தவன் நான். எனக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சரி, நம் பக்கத்துக்கு வருவோம். தாழ்ந்த சுருதிக்கு மரியாதை வாங்கிக் கொடுத்த கதை நம்மிடமும் இருக்கிறது, அதே காலத்தில். நாதஸ்வரத்தில் திமிரி, பாரி என்று இரண்டு உண்டு. திமிரி குட்டையானது, உச்ச சுருதி. நாலு வீதிக்கும் கேட்க வேண்டிய சாமி புறப்பாட்டுக்கு அதுதான் சரி. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) அது போதாது என்று நினைத்தார். வாய்ப்பாட்டுக்காரர் மாதிரி நிதானமாக, அடிக்குரலில், ஒரு ராகத்தை மணிக்கணக்கில் விரித்து வாசிக்க அவருக்கு நீளமான குழல் வேண்டியிருந்தது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி ஆச்சா மரத்தில் கடைந்து கொடுத்தார். அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பிள்ளைவாள் கிராப்பு வைத்தார், கோட்டுப் போட்டார், மேடையில் சரிசமமாக உட்கார்ந்து வாசிப்பேன் என்று நின்றார். குழல் தாழ்ந்தது, ஊதுகிறவர் தலை நிமிர்ந்தது. அவருடைய தோடி இசைத்தட்டைக் கேளுங்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான் இடம் தருகிற 78 சுழற்சித் தட்டில் அவர் அவசரமே படவில்லை.

அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம் நமக்கு இன்னும் நெருக்கம். பிறந்தது நெல்லைச் சீமை என்றாலும் வாழ்ந்தது கோவில்பட்டி. சாத்தூரைத் தாண்டினால் அடுத்த தீப்பெட்டி ஊர். 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் 'சிங்கார வேலனே' பாட்டில் எஸ். ஜானகி குரலோடு மல்லுக்கு நிற்பது அவர் நாதஸ்வரம். எஸ். எம். சுப்பையா நாயுடு இசை, ஆபேரி ராகம். படம் வந்த இரண்டே வருஷத்தில், 1964இல், போய்விட்டார். 1968இன் 'தில்லானா மோகனாம்பாள்' நாதஸ்வரம் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. அதை உங்களுக்குச் சொல்லவே வேண்டாம், எல்லோரும் சிவாஜி வாசித்ததாகத்தானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்!

இந்தப் பழைய பதிவுகளைப் பேரனுக்காக மறுபடி கேட்டபோதுதான், ராகத்துக்கு அடியில் அறுபடாமல் ஓடுகிற ஒரே ஸ்வரம் காதில் விழுந்தது. ஒத்து.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். ஒத்து பார்க்க நாதஸ்வரம் மாதிரியே இருக்கும். விரல் வைத்து வாசிக்கிற துளை கிடையாது. கீழே இருக்கிற துளைகளை மெழுகு வைத்து அடைத்துச் சுருதி சேர்ப்பார்கள். ஆதார சட்ஜம் மட்டும்தான். கச்சேரி முடிகிற வரை அது நிற்கக்கூடாது. கன்னத்தில் காற்றை அடக்கி, அதை வெளியே தள்ளும்போதே மூக்கால் மூச்சு இழுக்க வேண்டும். விருதுநகர் பராசக்தி மாரியம்மன் பங்குனிப் பொங்கலில், அக்கினிச்சட்டிக் கூட்டத்துக்கு நடுவே, இரண்டு கன்னமும் பந்து மாதிரி உப்பி நின்ற ஒத்துக்காரரைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பிறகு சுருதிப்பெட்டி வந்தது, அதன்பின் மின்சாரப் பெட்டி. பொத்தானை அமுக்கினால் அதுபாட்டுக்கு ஓடும், கூலி கேட்காது. கோஷ்டியில் முதலில் வேலை போனது ஒத்துக்காரருக்குத்தான்.

இதை எழுதும்போது மறைக்க முடியாத ஒன்று இருக்கிறது. 1984 என்று நினைவு. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புச் சேர்க்கை. ஒவ்வொரு பையனையும் எழுப்பி அப்பாவின் தொழிலைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ், அச்சாபீஸ், விவசாயக் கூலி என்று வந்துகொண்டிருந்தது. ஒரு பையன் எழுந்து, "ஒத்து ஊதுறாரு சார்" என்றான். வகுப்பே கொல்லென்று சிரித்தது. நம் தமிழில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் ஏறிக்கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். நான் அதட்டியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, "யாருக்குடா?" என்று கேட்டேன். சிரிப்பு இரண்டு மடங்கானது.

பையன் அழவில்லை. உட்கார்ந்துவிட்டான். பதிவேட்டில் 'இசைக்கலைஞர்' என்று எழுதியிருக்கலாம். 'கூலி' என்று எழுதினேன். அரைப் பரீட்சைக்குப் பிறகு அவன் வரவில்லை. பட்டாசு வேலைக்குப் போய்விட்டதாகப் பசங்கள் சொன்னார்கள். நான் தேடிப் போகவில்லை. அன்றைக்கு அது வழக்கமாக நடக்கிற விஷயம் என்று ஒரு சமாதானம் வைத்திருந்தேன்.

பேரனிடம் இந்தக் கதையை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அந்த அண்ணன்கிட்ட சாரி சொன்னீங்களா தாத்தா?" என்று கேட்டான். நாற்பது வருஷம் மூத்தவரை அண்ணன் என்றுதான் சொன்னான். "இல்லை" என்றேன். அப்புறம் அந்தத் தோடியை அனுப்பச் சொன்னான். அதன் கூடவே ஒத்து மாதிரி ஒரே ஸ்வரத்தை டியூபாவில் பிடித்துப் பார்த்தானாம். பன்னிரண்டு விநாடிதான் தாங்கியது என்று செய்தி அனுப்பியிருக்கிறான்.

அந்த வருஷம் என்னிடம் ஆறாம் வகுப்பில் படித்தவர்கள் இதைப் படித்தால், அவன் யார் என்று உங்களுக்குத் தெரியும். பெயரை இங்கே எழுத வேண்டாம். எங்கே இருக்கிறான் என்று மட்டும் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள்.